பாலம் தாண்டாத கார்

"நாம ஏறலைன்னா காருக்குத் தெரியுமா, அண்ணா?"

தங்கை இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது இருக்கும். ஒரு செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கட்டிலுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தாள். வெளியே அப்பா காரைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்தபடி இருந்தார். தையல் மெஷின் விற்கிற மனிதர். நேரம் தவறினால் அவருக்குப் பொறுக்காது. நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று குழந்தைக்கு உதறல். அவளைவிட மூன்று வயது பெரியவனான அண்ணன் எல்லாம் தெரிந்தவன் மாதிரி சொன்னான்: "தெரியும். நம்மள்ல ஒருத்தர் குறைஞ்சாலும் அது நகராது." அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள். நம்பிய பிறகு, செருப்பைத் தேடுவதில் அவள் எந்த அவசரமும் காட்டவில்லை. அன்றைக்குத் திட்டு வாங்கியது அண்ணன்தான்.

அந்த அண்ணனுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அதே காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஊருக்கு வெளியே பெரிய பாலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கார் நின்றுவிட்டது. கிட்டத்தட்ட இதே இடத்தில், இது மூன்றாவது தடவை.

ஊரில் அவரை வாஷர் என்றுதான் கூப்பிடுவார்கள். குடிநீர் பம்ப் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, ஓய்வு பெற்றவர். எங்கே ஒழுகினாலும் அவருக்குத் தாங்காது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று ரப்பர் வாஷர்கள் கிடக்கும். விருந்துக்குப் போன வீட்டில் குழாய் சொட்டினால், கை கழுவுவதை மறந்துவிட்டுக் குழாயைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். "எங்க கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு எங்கேன்னு கேக்கல, மெயின் வால்வு எங்கேன்னு கேட்டாரு" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். கடவுள் கொடுத்ததில் ஒரு சொட்டைக்கூட வீணாகச் சிந்த விடக் கூடாது என்பது அவருடைய பக்தி. அந்தப் பக்திக்குக் கோயில், மணி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு ஸ்பானர் போதுமாக இருந்தது.

கார் அப்பாவுடையது. தயிர் நிறத்தில், உருண்டையான முன்புறமும் பெரிய கண்களும் கொண்ட பழைய வண்டி. அதில்தான் அண்ணனும் தங்கையும் வளர்ந்தார்கள். பிறகு தங்கை, அப்பாவுக்குப் பிடிக்காத ஓர் அச்சகத் தொழிலாளியைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் பெட்டியோடு வாசலில் நின்ற அன்று, அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் காரைப் பார்த்துச் சொன்னார்: "இப்ப போ. என் கோபம் ஆறட்டும். ஆறினதும் நானே கார்ல வந்து உன்னைக் கூட்டிட்டு வரேன்." அவள் பஸ் ஏறிப் போனாள். அப்பாவின் கோபம் ஆறுவதற்கு நாளானது. ஆறிய சமயத்தில் அவருக்கு நாள் மிச்சமில்லை. கடைசிக் காலத்தில் ஒரு நாள், தன்னைத் தூக்கிக் கொண்டுபோய்க் கார் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார வைக்கச் சொன்னார். வைத்தார்கள். வெகு நேரம் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, எதிரே சுவரைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "சரி, இறக்குங்க" என்றார்.

அப்பா போன பிறகும் தங்கை அந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. அண்ணன் பஸ்ஸில் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவார். அவளும் சிரித்துப் பேசி, சோறு போட்டு அனுப்புவாள். "வீட்டுக்கு வாயேன்" என்றால் மட்டும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். போன வருடம் அவள் கணவர் காலமானார். மாடியில் ஓர் ஒற்றை அறை, முழங்கால் வலி, தனிமை. "எங்களோட வந்து இரு" என்று அண்ணன் கெஞ்சியபோதுதான் அவள் முதல் தடவையாக வாய் திறந்து கேட்டாள்.

"அப்பா சொன்ன மாதிரி அந்தக் கார்ல வந்து கூப்பிடு. வரேன்."

இதைப் பிடிவாதம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஒருவர் கொடுத்த வாக்கு பாதியில் நின்றுபோனால், அதைப் பிடித்துக்கொண்டே சிலர் வாழ்நாளைக் கடந்துவிடுகிறார்கள். படியேறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வது மாதிரி.

கொட்டகையில் தூசி மூடிக் கிடந்த காரை, வாஷர் கராஜில் கொண்டுபோய்க் கிடத்தி, உயிர் கொடுத்து எடுத்தார். கராஜ்காரருக்குப் பொறுமை என்று பட்டப்பெயர். யார் வந்து நின்றாலும் "பொறுமை, பொறுமை" என்று சொல்லிவிட்டு, தான் மட்டும் தீப்பிடித்தவர் மாதிரி இங்கும் அங்கும் ஓடுவார். ஆனால் கை சுத்தம், வாக்கு சுத்தம். கார் நன்றாகவே ஓடியது. கடைத்தெருவுக்கு ஓடியது, ஆஸ்பத்திரிக்கு ஓடியது. தங்கையைக் கூட்டி வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டுக் கிளம்பிய அன்று, பாலத்துக்கு முன்னால் இரண்டு தடவை இருமி, ஒரு குலுக்குக் குலுக்கி, நின்றுவிட்டது.

முதல் தடவை, அரைமணி கழித்து ஸ்டார்ட் ஆனது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. பயந்துபோய், நின்று நின்று வீட்டுக்குத் திரும்பினார். பொறுமை பிளக்கைக் கழற்றித் தேய்த்தார். இரண்டாம் தடவை ஒரு லாரிக்காரர் இரக்கப்பட்டுக் கயிறு கட்டி இழுத்து வந்தார். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று வாஷர் ஒரு வாரம் வருந்தினார். பொறுமை கார்புரேட்டரைக் கழுவினார், காயிலை மாற்றினார். மூன்றாம் தடவை, போன் பண்ணிப் பொறுமையையே பாலத்துக்கு வரச் சொன்னார். பொறுமை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, சாவியைத் திருப்பினார். கார் ஒரு சொல்லுக்கு எழுந்து நின்ற பிள்ளை மாதிரி உடனே கிளம்பியது.

"என்ன அண்ணே, நல்லாத்தானே இருக்கு!"

"நீ வர்ற வரைக்கும் செத்துக் கிடந்துச்சுப்பா!"

"ஆளைப் பாத்து நடிக்குது" என்றார் பொறுமை. ஆனாலும் நம்பி அனுப்ப மனம் கேட்காமல், வண்டியைக் கராஜுக்கே திருப்பிக் கொண்டுபோய்ப் பெட்ரோல் பம்ப்பைப் பிரித்துப் புதிதாக்கினார். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதிக்கிறதோ என்று சந்தேகப்பட்டுக் குழாய்க்குத் துணி சுற்றினார். ஊர் முழுக்க நாள் கணக்கில் ஓட்டிப் பார்த்தார். ஒரு இருமல் இல்லை.

"நீங்க ஏதாவது மாத்தினீங்களா அண்ணே? நான் குடுத்த பிறகு?"

"ஒண்ணும் மாத்தலப்பா. துடைச்சேன், மெருகு போட்டேன். அவ்வளவுதான்."

மூன்றாம் தடவை கார் நின்ற அன்று மாலையே வாஷர் தங்கையிடம் போனில் பேசியிருந்தார். இந்தத் தடவையும் முடியவில்லை என்று சொல்வதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, அவளே முந்திக்கொண்டாள்.

"பரவாயில்லண்ணா. வண்டிக்கு வயசாச்சு. நமக்கும்தான்."

"இன்னும் ஒரு தடவை பொறுத்துக்கோம்மா."

"இங்க முதியோர் இல்லத்துல ஓர் இடம் காலியா இருக்காம். மாசப் பிறப்புல வரச் சொல்லியிருக்காங்க. நல்லவங்கதான். நான் சரின்னுட்டேன்."

வாஷருக்குக் காதுக்குள் தண்ணீர் போன மாதிரி இருந்தது. "நான் வாடகைக் கார் பிடிச்சு நாளைக்கே வரேன்."

"வேண்டாம்ணா." குரல் அமைதியாக இருந்தது, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "அந்த வாசல்ல நான் வேற வண்டியில வந்து இறங்க மாட்டேன். அது உனக்கே தெரியும். அப்பாவுக்கு இன்னும் கோபம் ஆறலையோ என்னவோ. விடு."

போனை வைத்துவிட்டு அவர் பின்னறைக்குப் போனார். மனைவி நாத்தனாருக்காக அந்த அறையைக் காலி செய்து, முழங்காலுக்கு உயரமாக இருக்கட்டும் என்று கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்திருந்தாள். அவர் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். உயரம் சரியாகத்தான் இருந்தது.

சில நாள் கழித்துப் பொறுமை காரை ஒப்படைக்க வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் பானெட்டின்மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டு, தலையைச் சொறிந்தபடி நின்றார்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பாத்துட்டேன் அண்ணே. இனிமே இதுகிட்டக் கேக்கிற மாதிரி ஒரு கேள்வி என்கிட்ட இல்ல."

மனைவி பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஒரு விஷயம்தான் புரியல. கடைத்தெருவுக்குப் போனா ஓடுது. ஆஸ்பத்திரிக்குப் போனா ஓடுது. என் தம்பி வீட்டுக்குப் போனாக்கூட ஓடுது. அங்க போறப்போ நின்னிருந்தா இவரு சந்தோஷப்பட்டிருப்பாரு. அவ வீட்டுக்குன்னு கிளம்பினா மட்டும் நிக்குது. வண்டியும் மாமனார் மாதிரியே."

பொறுமையின் டம்ளர் பாதி வழியில் நின்றது. "அண்ணி, இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை? மாமனார் மாதிரின்னதையா?"

"அதுக்கு முன்னாடி." அவர் வாஷர் பக்கம் திரும்பினார். "அண்ணே, தங்கச்சி வீட்டுக்குக் கிளம்புற அன்னைக்கு என்னென்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"விடியறதுக்குள்ள எந்திரிச்சுக் குளிப்பேன்."

"வண்டிக்கு என்ன செய்வீங்க?"

"அதையும் குளிப்பாட்டுவேன். டயர்ல காத்துப் பாப்பேன். தண்ணி, ஆயில் பாப்பேன். அப்புறம் ஸ்டியரிங்ல கை வெச்சு ஒரு நிமிஷம் கடவுள நினைப்பேன்."

"அதனால வண்டி நிக்காது."

"அதனாலதான் பாலம் வரைக்குமாவது போகுது" என்றாள் மனைவி.

"அப்புறம் போற வழியில டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுப்பேன். கழுத்து வரைக்கும். அவளைக் கூட்டி வர்ற வண்டி அரை வயித்தோட போகக் கூடாது பாரு."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல எதுக்கு நிறைய? பென்ஷன்காரன் நான். அடியில கொஞ்சம் கிடக்கும்."

பொறுமை டம்ளரைக் கீழே வைத்தார். அவருடைய கராஜில் ஒரு சட்டம் உண்டு. என்றோ ஒரு நாள் பெட்ரோல் பற்றிக்கொண்டு மீசையோடு பாதிப் புருவமும் கருகியதிலிருந்து, எந்த வண்டி உள்ளே வந்தாலும் முதலில் டேங்கைக் காலி செய்துவிடுவார். ஓட்டிப் பார்ப்பதற்கு இரண்டு லிட்டர் மட்டும் ஊற்றுவார்.

"நிறைஞ்ச டேங்கோட இந்த வண்டியை நான் ஒரு நாளும் ஓட்டினதே இல்லையே, அண்ணே" என்றார் மெதுவாக.

அடுத்த நாள் காலையில், தங்கையிடம் எதுவும் சொல்லாமல், பரீட்சைக்காக மட்டும் கிளம்பினார்கள். வாஷர் எதையும் விடவில்லை. குளித்தார், வண்டியையும் குளிப்பாட்டினார், கை வைத்து வேண்டினார், வழியில் கழுத்து வரைக்கும் பெட்ரோல் போட்டார். பொறுமை முன்னால் உட்கார்ந்தார். நானும் வருவேன் என்று மனைவி பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஊர் எல்லை தாண்டியதும் பொறுமை மூக்கை உறிஞ்சினார். "அண்ணி, பின்னால பெட்ரோல் வாசனை வருதா?"

"ஒரு பொட்டுகூட இல்ல."

"இந்த வயசு வண்டியில, டேங்க் நிறைஞ்சிருக்கிறப்போ, லேசா வரணுமே."

வாஷரின் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது. "வராது. என் தங்கச்சிக்கு அந்த வாசனையே ஆகாது. சின்ன வயசுல ரெண்டு தெரு தாண்டுறதுக்குள்ள வாந்தி எடுத்துருவா. அவளுக்காகத்தான் நல்லாப் பாத்து..."

இன்ஜின் இருமியது.

மறுபடி ஓர் இருமல், ஓர் இழுப்பு, ஒரு குலுக்கல். பாலத்தின் முதல் தூண் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் கார் ஓரமாக ஒதுங்கி நின்றது. பொறுமை இரண்டு கைகளையும் தட்டினார். "நின்னுருச்சு! நின்னுருச்சு!" சைக்கிளில் போன ஒருவர், கார் நின்றதற்கு இப்படிக் குதிக்கிற மனிதரை இதுவரை பார்க்காதவர் போல, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

"யாரும் எதையும் தொடாதீங்க. அது தூங்கி எழுந்திரிக்கிறதுக்குள்ள பாத்துரணும்."

முதலில் பிளக்கில் நெருப்புப் பொறி வருகிறதா என்று பார்த்தார். நீலமாக, நன்றாக வந்தது. டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் குழாயைக் கழற்றினார். ஒரு சொட்டு வரவில்லை. தன் பையிலிருந்து பெட்ரோல் பாட்டிலை எடுத்து, பம்ப்பின் வாயை ஒரு சின்ன டியூப் வழியாக அதற்குள் விட்டு, "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். கார் பாடிக்கொண்டு கிளம்பியது.

"போதும், நிறுத்துங்க. நெருப்பு இருக்கு. பம்ப் இழுக்குது. அப்ப வழக்கு இங்க இல்ல, பின்னால." பின்பக்கம் போய் டேங்கைத் தட்டிப் பார்த்தார். தளும்பத் தளும்ப இருக்கும் சத்தம். "வெச்சிருக்கு, ஆனா குடுக்க மாட்டேங்குது."

பிறகு டேங்க் மூடியைப் பிடித்துத் திருகினார். லேசில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு திருகு திருகினார்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு நீளமான சத்தம். தண்ணீருக்கடியில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த ஒருவர் மேலே வந்து காற்றை இழுப்பது மாதிரி. சற்றுத் தள்ளி நின்ற மனைவிக்கே அது கேட்டது.

"என்ன அது?" என்றாள்.

"காத்து உள்ள போகுது, அண்ணி."

பொறுமை மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். புதிய கறுப்பு ரப்பர் வளையம், அளவெடுத்து வெட்டினாற்போல் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. மூடியின் நடுவில், கடுகளவுக்கு, பளபளவென்று ஓர் ஈயப் பொட்டு.

"இதை யாரு வெச்சது?"

"அங்க ஒரு ஊசித் துளை இருந்துச்சு" என்றார் வாஷர். "அது வழியாத்தான் வாசனை கசியும். அதான் ஈயம் வெச்சு..." குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பம்ப் நிலையத்தில் உயரத் தொட்டிக்கு மேலே ஒரு காற்றுக் குழாய் உண்டு. பறவை கூடு கட்டி அதை அடைத்துவிட்டால், தொட்டி நிறைய நீர் இருந்தும் ஊருக்குத் தண்ணீர் இறங்காது. மாதம் தவறாமல் ஏணியில் ஏறி அதைச் சுத்தம் செய்தவர் அவர்தான். மேலே காற்று உள்ளே போனால்தான் கீழே தண்ணீர் வெளியே வரும் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

"கேட்டேனே அண்ணே, ஏதாவது மாத்தினீங்களான்னு."

"மாத்தலையேப்பா. கசிஞ்சதை அடைச்சேன். அதை ஒரு மாத்தம்னு நான் நினைக்கவே இல்ல."

"பெட்ரோல் கம்மியா இருந்தா உள்ள நிறைய காத்து இருக்கும், சமாளிச்சுக்கும். கழுத்து வரைக்கும் ஊத்தினா காத்துக்கு இடமே இல்ல. பாலம் வர்றதுக்குள்ள மூச்சு முட்டிருது. நின்னு கொஞ்ச நேரம் ஆனா, எப்படியோ துளித் துளியா காத்து உள்ள போயிருது, மறுபடி கிளம்புது." பொறுமை தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். "நீங்க அதோட மூச்சை அடைச்சீங்க. நான் டேங்கைக் காலி பண்ணிப் பண்ணியே அந்த நோயை மறைச்சேன். நல்ல ஜோடிதான் நாம."

வாஷர் சிரிக்கவில்லை. சாலையோர மைல்கல்லின்மேல் போய் உட்கார்ந்தார். ஒழுகலை நிறுத்துவதற்கென்றே பழகிய கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு தடவையும் அவளைக் காக்க வெச்சது நான்தான். அப்பா கோபம்னு அவ நினைச்சுட்டு இருக்கா. அந்தப் பழியையும் அவர் மேல போட்டுட்டேனே."

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். எப்போதும் தயாராக இருக்கும் அவளுடைய கேலியில் ஒன்றைக்கூட அவள் எடுக்கவில்லை. "அவளுக்கு வாசனை ஆகாதேன்னுதானே செஞ்சீங்க? கெட்டது நினைச்சா செஞ்சீங்க? எழுந்திருங்க" என்றாள். பிறகு, அவர் எழுந்ததும், "வீட்டுல அந்தப் படுக்கையறை ஜன்னலையும் இனிமேலாவது திறந்து வைங்க. நானும் ஒரு உயிர்தான்" என்றாள். அப்போதுதான் அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

பொறுமை மூடியை எடுத்துக்கொண்டு காரைவிட்டுத் தள்ளிப் போய், பையிலிருந்த கைத் துளைப்பானால் அந்த ஈயப் பொட்டைக் குடைந்தெடுத்தார். துளை வழியாக வாயால் ஊதிப் பார்த்தார். கழற்றிய குழாயை மாட்டி, மூடியைத் திரும்பப் போட்டார். வாஷர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்புவதற்கு ஸ்டியரிங்கை ஒடித்தபோது, பொறுமை ஜன்னலில் வந்து கை வைத்தார்.

"எங்க திரும்புறீங்க?"

"வீட்டுக்கு."

"எதுக்கு? டேங்க் நிறைய இருக்கு. பொழுதும் நிறைய இருக்கு."

"அவகிட்ட ஒண்ணும் சொல்லலையேப்பா."

"சொல்லிட்டுப் போய்த்தான் என்னத்தைக் கண்டீங்க?" என்று மனைவி பின்கதவைத் திறந்து இறங்கினாள். "சொல்லாம போங்க."

"நீயும் வாயேன்."

"இல்லங்க. கூப்பிடுறேன்னு சொன்னது உங்க வீட்டு மனுஷர். உங்க வீட்டு மனுஷர்தான் போகணும். நான் போய் அறையைத் தட்டி வெக்கிறேன். நாங்க ரெண்டு பேரும் பஸ்ல போயிக்கிறோம்."

வாஷர் பாலத்தின்மேல் ஏறினார். முதல் தூண், இரண்டாம் தூண். காது முழுவதும் இன்ஜினிலேயே இருந்தது. நடுப்பாலம் வந்தபோது, தான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்து, அதை விட்டார். கார் நிற்கவில்லை. மறுகரையில், இதுவரை இந்த வண்டியிலிருந்து பார்க்காத மரங்கள் வரிசையாக வந்தன. பின்சீட்டிலிருந்து மெல்லிய பெட்ரோல் வாசனை எழுந்தது. வண்டியை ஓரம் கட்டி, நான்கு ஜன்னல்களையும் கடைசிவரை இறக்கிவிட்டார். வாசனை காற்றோடு போயிற்று. இவ்வளவு எளிதாக முடிகிற காரியத்துக்கா ஈயம் காய்ச்சினோம் என்று நினைத்துக்கொண்டார்.

வழியெல்லாம் அப்பா பக்கத்தில் இருப்பது போலிருந்தது. வளைவில் அப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பும் விதம். பின்சீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டால் கண்ணாடி வழியாகப் பார்க்கும் பார்வை. இந்தச் சாலையில் அவர் ஒரு தடவை வந்திருந்தால் போதும். ஒரு நாள் ஒதுக்கியிருந்தால் போதும். அந்த ஒரு நாளைக்காகத்தான் இவ்வளவு வருடங்களும் இரண்டு வீடுகளில் கிடந்து தவித்தன.

மதியம் சாய்கிற வேளையில் தங்கை குடியிருந்த தெருவுக்குள் கார் நுழைந்தது. கீழே ஒரு வீடு. பக்கவாட்டில் வெளியே ஏறும் சிமென்ட் படிகள். மேலே ஒற்றை அறை. கீழ்வீட்டு அம்மாள் கையில் பையோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் பூட்டிலிருந்து கையை எடுத்தார்.

"இதுதானா அந்தக் கார்?"

"ஆமாங்க. நான் அவளோட அண்ணன்."

"வாங்க, வாங்க. மேல தூங்குறாங்க. முட்டி வலிக்கு மத்தியானம் ஒரு மாத்திரை போடுவாங்க. போட்டா இடி விழுந்தாலும் தெரியாது. எழுப்பட்டுமா?"

"வேண்டாங்க. தானா எழுந்திரிக்கட்டும்."

அந்த அம்மாள் தயங்கினார். பிறகு, சொல்லாமல் போக மனம் வராதவராக, படிகளைக் கையால் காட்டினார். "நீங்க வரேன்னு சொன்ன மூணு நாளும் இங்கேதான் உக்காந்திருந்தாங்க. மத்தியான வெயில் நேரா அடிக்கிற இடம் இது. உள்ள வந்து ஃபேனுக்கு அடியில உக்காருங்கன்னு எவ்வளவோ சொன்னேன். 'உள்ள வந்தா கார் சத்தம் கேக்காது'ன்னுட்டாங்க. விளக்குப் போட்ட பிறகுதான் எழுந்து மேல போனாங்க. அந்த முட்டியோட."

அந்த அம்மாள் கடைக்குப் போய்விட்டார். தெருவில் வேறு ஆள் இல்லை.

வாஷர் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு மேலே ஏறினார். கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில், கன்னத்துக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. அந்தக் கை மட்டும் மாறவே இல்லை. மூச்சு சீராக ஏறி இறங்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில், இல்லத்துக்குக் கொண்டுபோவதற்காகப் பாதி அடுக்கிய பெட்டி திறந்து கிடந்தது. கதவைத் தட்டக் கை தூக்கியவர், கையை இறக்கிக்கொண்டார்.

சத்தமில்லாமல் படி இறங்கினார். கார் மரநிழலில் நின்றது. அதில் ஏறி உட்கார்ந்திருக்கலாம். எதிர்ப்பக்கத்தில் ஒரு திண்டும் இருந்தது. அவர் படிகளின் நடுவில், வெயில் நேராக விழும் இடத்தில் உட்கார்ந்தார். சிமென்ட் கொதித்தது. கழுத்தில் வேர்வை வழிந்து சட்டைக்குள் இறங்கியது, அவர் துடைக்கவில்லை. அவள் எழுந்து வந்து எப்போது வந்தாய் என்று கேட்டால், இப்போதுதான் என்று சொல்லிவிட வேண்டும். அதை மட்டும் மனதில் சரிபார்த்து வைத்துக்கொண்டார்.

நேரம் போயிற்று. மேலே எந்தச் சத்தமும் இல்லை. நிழல் நகர்ந்து அவர் தோளைத் தொட்டது. வெயில் ஒரு படி கீழே போயிருந்தது.

அவரும் ஒரு படி கீழே இறங்கி, வெயிலில் உட்கார்ந்தார்.